புளி ஜாடியில் ஒரு சாவி

நூற்று எண்பத்து மூன்று பேர். போன வாரம்வரை பதினொரு பேர்தான், அதிலும் நாலு தடவை கம்ப்யூட்டரில் இறக்கிப் பார்த்தது நானேதான். இப்போது நூற்று எண்பத்து மூன்று பேருக்குத் தெரியும்: சமையலறை, இரண்டாவது அலமாரி, மஞ்சள் மூடி போட்ட பீங்கான் ஜாடி, புளிக்கு அடியில் வெள்ளைத் துணியில் முடிந்து வைத்த பீரோச் சாவி. இது மட்டும் அத்தைக்குத் தெரிந்தால்...

"யுவராணி, அந்த ஜாடிய எடு" என்றாள் அத்தை.

யுவராணியின் கையிலிருந்த டம்ளர் தரையில் விழுந்து கதவுவரை உருண்டு போனது.

"எந்த ஜாடிங்க அத்த?"

"உப்பு ஜாடி. வேற எந்த ஜாடிய இப்பக் கேக்கப் போறன்? புளிக்கு உப்புப் போட வேணாமா?" மாமியார் ராணியம்மாள் முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "என்னா ஆச்சு ஒனக்கு? ரெண்டு நாளா பேயடிச்சவ மாதிரி இருக்கற."

"ஒண்ணுமில்லீங்க அத்த."

பின்கட்டில் சாலம்மாள் புளி தட்டிக்கொண்டிருந்தாள். பங்குனி மாதம் பாப்பிரெட்டிப்பட்டியில் எந்தச் சந்தில் நின்றாலும் அந்தச் சத்தம்தான் கேட்கும். கல்லின் மேல் பழம், கட்டையால் ஒரு தட்டு, கொட்டை தனியே தெறிக்கும். அடுத்த தெருவிலிருந்து எட்டு வருடமாக இந்த வீட்டுக்கு வேலைக்கு வருகிறவள். மாசி, பங்குனியில் புளி. மற்ற மாதங்களில் மாட்டுக்கொட்டகை, பாத்திரம். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பை ஒவ்வொரு தட்டுக்கும் ஆடியது. தலையைத் தூக்காமலே, "எந்நேரமும் கம்ப்யூட்டரையே பாத்துக்கினு இருந்தா இப்படித்தான் கைகால் ஒதறும்" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. எல்லாம் கம்ப்யூட்டரில்தான் ஆரம்பித்தது.

யுவராணிக்குப் பெங்களூர் கம்பெனி ஒன்றில் வேலை, வீட்டிலிருந்தபடியே. அது சம்பளத்துக்கு. மிச்ச நேரத்தில் இரண்டு வருடமாகத் தனக்கென்று ஒன்றைச் செய்துவந்தாள். பொருளைத் தேடி எடுத்து, புதிரை விடுவித்து, கதவு கதவாகத் திறந்துகொண்டு போகும் சாகச வீடியோ கேம்களைத் தமிழிலேயே எழுதி உருவாக்க ஒரு கருவி. 'அறை: சமையலறை. பொருள்: ஜாடி. உள்ளே: சாவி' என்று மூன்று வரி எழுதினால் போதும். கருவி அதைத் திரையில் ஓர் அறையாக்கி, ஜாடியைத் தொட்டால் சாவி கைக்கு வரும்படி செய்துவிடும். ஏழுகதவு என்று பெயர் வைத்தாள். ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படிச் செய்திருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை நாலு பேருக்குக் கொடுக்கலாம்.

கருவி என்றால் அதோடு மாதிரிக்கு ஒரு விளையாட்டும் வேண்டும். இல்லாவிட்டால் எடுக்கிறவர்களுக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று புரியாது. எந்த வீட்டை எழுதுவது? அவளுக்கு நன்றாகத் தெரிந்த விளையாட்டு ஒன்றுதான் இருந்தது. அது இந்த வீடு.

கல்யாணமாகி வந்த புதிதில் விதி என்னவென்று யாரும் சொல்லித்தராத விளையாட்டாக இருந்தது இந்த வீடு. இந்தக் கரண்டியை அதில் போடக்கூடாது. அந்தத் துணியால் இதைத் துடைக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் கூட்டக்கூடாது. எதைத் தொட்டாலும் அத்தையின் புருவம் கொஞ்சம் மேலே போகும். வாயைத் திறந்து திட்டினால்கூடப் பரவாயில்லை. புருவம்தான் தாங்க முடியாது. மொரப்பூரில் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் வாடகை வீட்டில், எல்லாவற்றையும் பாக்கெட்டில் வாங்கி வளர்ந்த பெண். விவசாய வீட்டின் ஒவ்வொரு பானைக்கும் ஒரு சட்டம் உண்டு என்பது அவளுக்குத் தெரியாது.

மூன்றாவது வருடம், ஒரு மத்தியானம், அத்தை அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். ஜாடிக்குள் கையை விட்டு, புளிக்கு அடியிலிருந்து துணி முடிச்சைத் தூக்கிக் காட்டினாள்.

"பீரோச் சாவி. எம் மவனுக்குத் தெரியாது. எம் மவ காவியாவுக்கும் தெரியாது. ஒங்க மாமாவுக்கு அறவே தெரியக்கூடாது. ஒனக்கும் எனக்கும் மட்டுந்தான்."

அவ்வளவுதான் சொன்னாள். யுவராணிக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வீட்டின் கடைசிக் கதவு அன்றைக்குத் திறந்துவிட்டதாக நினைத்தாள். நேராக மாடிக்குப் போனாள். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது, யாரிடமும் சொல்லக்கூடாது. அந்தச் சந்தோஷத்தில் ஒரே மூச்சில் மாதிரி விளையாட்டை எழுதி முடித்தாள். முதல் காட்சி: 'பாப்பிரெட்டிப்பட்டி. பஸ் ஸ்டாண்டிலிருந்து மூன்றாவது சந்து. பச்சை கேட்.' கடைசிக் காட்சி: புளி ஜாடி, சாவி, பீரோ. யார் பார்க்கப் போகிறார்கள்?

ஒரு வருடம் யாரும் பார்க்கவில்லை. யாராவது பார்க்க மாட்டார்களா என்று அவள் கோயிலில் வேண்டிக்கொண்டதுகூட உண்டு. வேண்டுதல் முந்தாநாள் பலித்தது. கோயம்புத்தூரில் ஏதோ ஒரு கல்லூரியில் யாரோ ஓர் ஆசிரியர் ஏழுகதவை வகுப்புக்கே பாடமாகக் கொடுத்துவிட்டார். மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள்: 'செமயா இருக்கு மேடம். நிஜ வீடு மாதிரியே இருக்கு. இது உங்க வீடா?'

பீரோவுக்குள் நாத்தனார் காவியாவின் கல்யாண நகை மொத்தமும் இருந்தது. கல்யாணம் சித்திரையில். நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த மைசூர்பாகுத் தட்டும் இருந்தது. மாமனாருக்குச் சர்க்கரை என்பதால் அத்தை அதையும் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தாள். ஆனால் யுவராணியைப் பயமுறுத்தியது நகைகூட இல்லை. நகை போனால் போலீஸ் தேடும். 'ஒனக்கும் எனக்கும் மட்டுந்தான்' என்ற அந்த வார்த்தை போனால் யார் தேடிக் கொடுப்பார்கள்? புருவம் மறுபடி மேலே போகும். அப்புறம் ஜென்மத்துக்கும் இறங்காது.

ஓசூரில் வேலை பார்க்கும் கணவனுக்குப் போன் செய்தாள்.

"என்னங்க, ஏழுகதவ நெறய பேர் பாக்கறாங்க."

"அட, சூப்பர்! நான்தான் சொன்னன்ல" என்றான் ரஞ்சித்குமார். "நம்ம ஃபேமிலி குரூப்லகூடப் போட்டிருந்தன், பாத்தியா? யாரும் ஒண்ணும் சொல்லல. பெரியப்பா மட்டும் ரோஜாப்பூ படம் போட்டு குட்மார்னிங் சொன்னாரு."

"பயமா இருக்குதுங்க."

"இதுல பயப்படறதுக்கு என்னா இருக்குது? ஒரு வருசமா யாரும் பாக்கலன்னு அழுத. இப்ப பாக்கறாங்கன்னு அழுவற."

சாவி விஷயத்தை அவனிடமும் சொல்ல முடியாது. அவனுக்கும் தெரியக்கூடாது அல்லவா? போனை வைத்துவிட்டாள்.

முதலில் செய்ய வேண்டியது, விளையாட்டில் சாவியின் இடத்தை மாற்றுவது. புளி ஜாடியிலிருந்து சாவியை எடுத்துத் துளசிச் செடித் தொட்டியில் வைத்தாள். மாற்றத்துக்குக் காரணம் எழுதும் இடத்தில், பழக்கதோஷத்தில், உண்மையையே எழுதினாள்: 'சாவி இருக்கும் நிஜமான இடத்தை மறைக்க.' பொத்தானை அழுத்திய பிறகுதான் உறைத்தது. ஏழுகதவை ஏற்றி வைத்திருந்த இணையதளம் எதை எடுத்தோம், எதைச் சேர்த்தோம் என்று எல்லோருக்கும் வண்ணம் போட்டுக் காட்டும். பச்சையில் 'சாவி: துளசித் தொட்டி.' அதற்கு மேலே, ரத்தச் சிவப்பில், 'சாவி: புளி ஜாடி.' தலைப்பாக அவளுடைய காரணம்.

இதுவரை ஐந்நூறு வரிகளுக்குள் ஒரு வரியாக இருந்தது. இப்போது அதை மட்டும் கட்டம் கட்டி, சிவப்பு மை தடவி வைத்திருக்கிறாள்.

பழைய வெர்ஷன் எல்லாவற்றையும் வேரோடு அழித்தாள். இரண்டு வருட உழைப்பின் வரலாறு ஒரு மத்தியானத்தில் போனது. போகட்டும். கீழே போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு மேலே வந்தபோது ஒரு மெயில் காத்திருந்தது. பிரியதர்ஷினி என்று யாரோ.

'மேடம், உங்க பழைய வெர்ஷன் எல்லாம் காணாமப் போயிருக்கு. யாரோ ஹேக் பண்ணிட்டாங்கன்னு நினைக்கிறேன். கவலைப்படாதீங்க! என்கிட்ட முழுசா ஒரு காப்பி இருந்தது. நாலு இடத்துல ஏத்தி வச்சுட்டேன். இனிமே யாராலயும் அழிக்க முடியாது.'

கடைசியில் ஒரு சிரித்த முகம்.

'தயவுசெய்து எடுத்துவிடுங்கள், அது என் வீடு' என்று எழுதினாள். அழித்தாள். அப்படி எழுதினால் அது இவள் வீடுதான் என்று உறுதியாகிவிடும். வெகுநேரம் யோசித்து, 'மிக்க நன்றி' என்று மட்டும் எழுதி அனுப்பினாள். எண்ணிக்கை இருநூற்று நாற்பது ஆகியிருந்தது.

மறுநாள் காலை ஒரு மனு வந்தது. குறைகளைத் தெரிவிக்க ஏழுகதவில் ஒரு பகுதி உண்டு. ஒரு வருடமாக அது ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

'அனுப்புநர்: பொதுமக்கள்57. பெறுநர்: ஏழுகதவு நிர்வாகம். பொருள்: பீரோ திறக்காமை தொடர்பாக. ஐயா, தங்கள் விளையாட்டில் கண்டுள்ளபடி புளி ஜாடியிலிருந்து சாவி எடுக்கப்பட்டது. மேற்படி சாவி துருப்பிடித்த நிலையில் உள்ளது. பூட்டில் நுழைகிறது, திரும்பவில்லை. ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

பயத்தையெல்லாம் மறந்து யுவராணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏழுகதவுக்கு வந்த முதல் குறை! யாரோ ஒருவர் கடைசிக் காட்சிவரை ஆடிப் பார்த்திருக்கிறார். பிரியதர்ஷினி ஏற்றி வைத்த பழைய பிரதியை எடுத்து மூன்று முறை ஆடினாள். மூன்று முறையும் பீரோ திறந்தது. விளையாட்டில் துரு என்றே எதுவும் கிடையாது. இந்த மனிதருக்கு என்ன கற்பனை! துருப்பிடித்த சாவி! அவளுக்கே தோன்றாமல் போய்விட்டதே.

அன்று மாலைக்குள் ஒரு புதிய புதிரைச் சேர்த்தாள். ஹாலில் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுக்க வேண்டும். சாவியில் தடவ வேண்டும். அப்புறம்தான் பூட்டு திரும்பும். பதில் எழுதினாள்: 'தங்கள் கருத்துக்கு நன்றி. சாவிக்குத் தேங்காய் எண்ணெய் தடவி முயலவும்.'

நான்கு நாட்களில் முதல் முறையாக நிம்மதியாகத் தூங்கினாள்.

விடிந்ததும் அத்தையின் சத்தம்தான் எழுப்பியது.

"எவ இது? எவ எண்ணெக் கையோட பீரோவத் தொட்டது? பூட்டு முழுக்க வழியுது பாரு! சாலம்மா, நீ தொட்டியா?"

"நான் எதுக்குங்கம்மா பீரோவுக்கு எண்ண தேய்க்கறன்? எந் தலைக்கே இல்ல."

"யுவராணி, நீயா?"

"இல்லீங்க அத்த" என்றாள். மாடிக்கு ஓடினாள். திரையைத் திறந்தாள்.

'பார்வை: தங்கள் அறிவுரை. தாங்கள் கூறியவாறு தேங்காய் எண்ணெய் இருமுறை தடவப்பட்டது. பலனில்லை. காலம் கடந்தால் பொருள் கெட்டுவிடும் என்பதால் விரைந்து நடவடிக்கை எடுக்கவும்.'

ஒரே ஒரு வரி எழுதினாள்: 'தாங்கள் எந்த பீரோவைச் சொல்கிறீர்கள்?'

பதில் உடனே வந்தது. 'பச்சை நிறம். இடது கதவில் கிளி ஸ்டிக்கர்.'

விளையாட்டில் இருந்த பீரோ சாம்பல் நிறம். அதில் கிளி கிடையாது. கிளி இருப்பது கீழே, ஹாலுக்குப் பக்கத்து அறையில், காவியா மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒட்டியது.

திருடன் வந்துவிட்டான். வந்து, ஜாடிக்குள் கைவிட்டு, பூட்டில் சாவி போட்டுப் பார்த்து, திறக்கவில்லை என்று அவளிடமே புகார் கொடுத்திருக்கிறான். அவள் அவனுக்கு எண்ணெய் போடச் சொல்லி யோசனை வேறு கொடுத்திருக்கிறாள்.

அன்று மத்தியானம் பச்சை கேட்டை உள்பக்கம் பூட்டினாள். அளவெடுக்க வந்த பந்தல்காரர் அரைமணி நேரம் வெயிலில் நின்று கத்திவிட்டு, இன்னொரு கல்யாணத்துக்குத் தேதி கொடுத்துவிடுவேன் என்று போனில் மிரட்டினார்.

"பட்டப்பகல்ல கேட்ட எதுக்கு பூட்டின?" என்றாள் அத்தை.

"திருட்டு பயங்க அத்த."

"நம்ம வூட்டுல எவன் வந்து என்னாத்தத் திருடப் போறான்? சாவி எங்க இருக்குதுன்னு தெரிஞ்சாத்தான?"

சொல்லிவிட்டு அத்தை அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். மூன்றரை வருடத்தில் அத்தை முதல் முறையாகக் கண்ணைச் சிமிட்டியது அன்றைக்குத்தான். யுவராணிக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

மறுநாள் காலை, அத்தை குளிக்கப் போன நேரம் பார்த்து, ஜாடிக்குள் கையை விட்டாள். முடிச்சு கையில் பிசுபிசுத்தது. சாவி இருந்தது. எடுத்துச் சுடிதார் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். கல்யாணம் முடியும்வரை இது என் உடம்போடு இருக்கட்டும், அப்புறம் திருப்பி வைத்துவிடலாம். ஜாடியின் மூடியைப் போட்டுத் திரும்பினால், அத்தை ஈரத் தலையோடு வாசலில் நின்றாள்.

"நல்லவேள, நீயே எடுத்துட்ட" என்றாள்.

யுவராணியின் கை பாக்கெட்டைப் பொத்தியது.

"அந்த ஜாடியத்தான் சொல்றன். பழைய புளியக் கொட்டிட்டு, கழுவிக் காய வெக்கணும். புதுசு போடற நாளாச்சுல்ல? குடு இப்படி."

யுவராணி ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நான் கழுவறன் அத்த. நீங்க எதுக்கு?"

"அன்னிக்கி டம்ளரப் போட்ட மாதிரி இதையும் போடறதுக்கா? எங்க மாமியா காலத்து ஜாடி இது. குடுன்னா."

அத்தை ஜாடியை வாங்கினாள். பின்கட்டில் உட்கார்ந்து, தாம்பாளத்தில் கவிழ்த்தாள். கறுத்த புளி மொத்தமாகச் சரிந்து விழுந்தது. அத்தை ஜாடிக்குள் தண்ணீர் ஊற்றினாள். உள்ளே கையை விட்டுச் சுற்றிலும் தேய்த்தாள். தண்ணீரைக் கொட்டினாள். ஜாடியை வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, "சாலம்மா, கல்லுப்பு பத்துமா பாரு" என்றாள்.

அவ்வளவுதான். முடிச்சு எங்கே என்று கேட்கவில்லை. புளியைக் கிளறிப் பார்க்கவில்லை. யுவராணியின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

கண்டுபிடித்துவிட்டாள் என்று யுவராணி நினைத்தாள். காணோம் என்று தெரிந்தும் கேட்காமல் இருக்கிறாள். நானாக வாயைத் திறக்கிறேனா என்று பார்க்கிறாள். இத்தனை வருடம் ஒரு வீட்டை ஆண்டவளுக்கு இதுகூடத் தெரியாதா? இதோ, இப்போது முதுகைக் காட்டிக்கொண்டு உப்பைப் பிரிக்கிறாளே, இந்த முதுகே ஒரு கேள்விதான்.

சொல்லிவிடலாமா? 'அத்த, நான் அதை எழுதிட்டேன்.' எப்படி விளக்குவது? நீங்கள் என்னிடம் சொன்னதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம், அதனால் இருநூற்று நாற்பது பேரிடம் சொன்னேன் என்றா?

"நான் தெரு முக்குல டெய்லரப் பாத்துட்டு வர்றன்" என்று அத்தை ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போனாள்.

யுவராணி மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்தாள். பாக்கெட்டில் சாவி தொடையை அழுத்தியது. பின்கட்டில் புளி தட்டும் சத்தம். அதற்கு நடுவே, பீரோ இருக்கும் அறையிலிருந்து, மெல்ல, நிறுத்தி நிறுத்தி, ஒரு குரல் கேட்டது.

"அனுப்புநர்... பொதுமக்கள் ஐம்பத்தேழு... பொருள்... சாவி காணாமை தொடர்பாக..."

யுவராணி படியிலிருந்து எழுந்தாள். படிக்கட்டுக்கு அடியில் சார்த்தியிருந்த துடைப்பக்கட்டையை எடுத்தாள்.

"இன்று காலை... நேரில் ஆய்வு செய்ததில்... ஜாடியே வெயிலில் கவிழ்த்து வைக்கப்பட்டுள்ளது... முற்றுப்புள்ளி..."

கதவைத் தள்ளினாள்.

மாமனார் மாதேஸ்வரன், கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, செல்போனை வாய்க்கு நேரே பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருடம் அரசாங்க அலுவலகத்தில் மனுக்களைப் பதிவு செய்த எழுத்தர். பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியை அவருக்குப் போனில் போட்டுக் கொடுத்ததே யுவராணிதான்.

"ஐயோ, யுவராணி!" என்றார். போன் அதையும் பணிவுடன் எழுதிக்கொண்டது.

"மாமா, நீங்களா?"

"மெதுவா பேசும்மா. சாலம்மா காதுல வுழுந்தா அத்தக்கிப் போயிரும்." மாமனார் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினார். "ரஞ்சித்து குரூப்ல போட்டிருந்தான். சரி, மருமவ பண்ணதாச்சேன்னு ஆடிப் பாத்தன். நல்லாத்தாம்மா பண்ணியிருக்கற. நம்ம வூடு மாதிரியே இருக்குதேன்னு ஆச்சரியமா இருந்துச்சு. கடசில புளி ஜாடின்னு வந்துச்சா? சும்மா போயி கையை வுட்டன். நெசமாவே இருக்குதும்மா! முப்பத்தஞ்சு வருசமா நான் தேடாத எடமில்ல. பரண், அரிசி ட்ரம்மு, சாமி படத்துக்குப் பின்னால. புளிக்குள்ள தேடணும்னு தோணல பாரு."

"நகைய என்னா பண்ணப் போறீங்க மாமா?"

"நகையா? நகை எவனுக்கு வேணும்? மைசூர்பாகும்மா. ஒரே ஒரு துண்டு. நெய் வாசன கதவிடுக்குல வருது. நேத்து பூரா இந்தக் கட்டில்லயே படுத்துக் கெடந்தன்."

யுவராணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. துடைப்பக்கட்டையைச் சுவரில் சார்த்தினாள். "எங்கிட்ட நேரா கேட்டிருக்கலாம்ல?"

"நேரா கேட்டா நீ அத்தகிட்ட சொல்லிருவ. அதான் முறைப்படி மனு போட்டன். ஒண்ணு சொல்லட்டுமா? என் சர்வீஸ்ல இவ்ளோ சீக்கிரம் பதில் வந்து நான் பாத்ததில்ல. எண்ண தடவுன்னு போட்ட பாரு, அசந்துட்டன்."

"அது விளையாட்டுக்கு மாமா."

"வெளையாட்டுல தொறக்குது. இங்கதான் தொறக்க மாட்டங்குது. அதத்தான நான் கேக்கறன்?"

அதுதான். யுவராணியின் சிரிப்பு பாதியில் நின்றது. திருடன் இல்லை, சரி. ஆனால் சாவி ஏன் திரும்பவில்லை? பூட்டு கெட்டுவிட்டதா? இவர் எண்ணெய் ஊற்றிக் கெடுத்துவிட்டாரா? கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. பாக்கெட்டிலிருந்து முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். சாவி துருவேறி, ஓரமெல்லாம் அரித்து, பல் மழுங்கிக் கிடந்தது. அன்றைக்கு அத்தை காட்டியபோது துணியை அவிழ்க்கவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஓ, நீதான் எடுத்து வெச்சிருக்கறயா!" என்று மாமனார் எழுந்து பக்கத்தில் வந்தார்.

பூட்டில் நுழைத்துத் திருப்பினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் திருப்பினாள். மாமனார் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "எடது பக்கமா ஒரு அமுக்கு அமுக்கிப் பாரும்மா" என்றார்.

"என்னா பாப்பா பண்றீங்க ரெண்டு பேரும்?"

கையில் முறத்தோடு சாலம்மாள் கதவருகில் நின்றாள். மாமனார் சட்டென்று நிமிர்ந்து மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இல்லீங்க்கா... பூட்டு... சும்மா பாத்தம்" என்றாள் யுவராணி.

சாலம்மாள் பக்கத்தில் வந்து, பூட்டில் தொங்கிய சாவியைப் பார்த்தாள். முறத்தால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"இதக் கொண்டாந்து பீரோவுல வுடறீங்களா? இது பழைய ட்ரங்குப் பொட்டிச் சாவியாச்சே. பொட்டியப் பழைய இரும்புக்குப் போட்டே பல வருசமாச்சு."

"அத்ததான் காட்டினாங்க. ஜாடிக்குள்ள..."

"புளிக்குள்ள யாராச்சும் பீரோச் சாவியப் போடுவாங்களா பாப்பா? உப்பும் புளியும் சேந்தா ஆறு மாசத்துல இரும்பத் தின்னுட்டுப் போயிரும். இரும்புக் கரண்டியே நம்ம அதுல வெக்க மாட்டம்."

மாமனார் மின்விசிறியிலிருந்து கண்ணை எடுத்துத் தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். "அட ஆமால்ல!" அவருக்குத் தெரிந்த விஷயம்தான், மைசூர்பாகு மறைத்துவிட்டது. இந்த ஊரில் பாவாடை கட்டிய பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். மொரப்பூரில் பாக்கெட்டைக் கத்தரித்துப் புளி எடுத்த ஒருத்திக்கு மட்டும் தெரியவில்லை. தெரியாது என்று அத்தைக்குத் தெரிந்திருக்கிறது.

சாலம்மாள் குரலைத் தணித்தாள். "மனசுல வெச்சுக்காதீங்க. அம்மா நல்லதுக்குத்தான் பண்ணாங்க. 'மருமவளுக்கு ஒரு எடம் சொல்லிவெக்கணும் சாலம்மா, இல்லாங்காட்டி நம்மள நம்பலயேன்னு நெனச்சுக்கும்'ன்னாங்க. காட்டினதும் ஒங்க மொகம் எப்படி ஆச்சுன்னுகூடச் சொன்னாங்க. 'கொழந்த மாதிரி அழுவுது'ன்னு."

யுவராணி சாவியைப் பூட்டிலிருந்து உருவினாள். விரலெல்லாம் துருவும் எண்ணெயும். இந்த ஐந்து நாள் பயம் முழுவதும் எதைக் காப்பாற்ற என்று யோசித்தாள். இருநூற்று நாற்பது பேரிடம் அவள் எதையுமே சொல்லிவிடவில்லை. அவளிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"அப்ப பீரோச் சாவி எங்கதான் இருக்குது?" என்று மாமனார் பொறுக்க முடியாமல் கேட்டார்.

சாலம்மாள் இடுப்புச் சுருக்குப்பையை ஒரு தட்டுத் தட்டினாள். உள்ளே கலீரென்றது.

"அது எட்டு வருசமா எங்கிட்டத்தான இருக்குது. 'வூட்டுக்குள்ள இருக்கறவங்கதான சாலம்மா பீரோவத் தொறப்பாங்க, நீ எதுக்குத் தொறக்கப் போற'ன்னு மொத நாளே அம்மா குடுத்துட்டாங்க."

மாமனார் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். சாலம்மாள் யுவராணியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுருக்குப்பையின் கயிற்றை அவிழ்த்து, வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவிலிருந்து பளபளவென்று ஒரு சாவியை எடுத்து நீட்டினாள்.

"ஏன் பாப்பா மூஞ்சி வாடிப்போச்சு? இந்தாங்க, இனிமே நீங்களே வெச்சுக்கங்க. அம்மாகிட்ட நான் சொல்லிக்கறன்."

"வாங்கும்மா, வாங்கு" என்றார் மாமனார்.

யுவராணி துருப்பிடித்த சாவியைத் துணியில் வைத்து மறுபடி முடிந்தாள். முடிச்சைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாங்க்கா" என்றாள் மெதுவாக. "எங்கிட்ட இருந்தா நான் எழுதிருவன்."